வெட்டின இடமே தெரியாது

அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் 'நல்வரவு' என்று எழுத்து ஓடியது, அதன் கீழே தம்பியின் புகைப்படம். பல்கலைக்கழக நூலகத்தின் வாசல் இயந்திரத்துக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. அக்கா தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நேற்று சாயங்காலம் இதே வாசலிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவன். மழை, லாரி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் இந்த அட்டையும், நசுங்கிப்போன போனும் இருந்தன. அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

மதியத்துக்குமேல் உடம்பு வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் திரும்ப வேண்டும். "இந்த நேரத்துல லைப்ரரிக்கா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று மாமா குதித்தார். "நான்தான் அனுப்புறேன், போயிட்டு வரட்டும்" என்றாள் அம்மா.

கொஞ்ச நாள் முன்னால் நூலகம் மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்திருந்தது. தேர்வான கதைகளை எழுதியவர்களே வாசித்துக் கொடுக்க வேண்டும். அதை நூலகத்தின் ஒலிப்பிரிவில் வைப்பார்கள், கண் தெரியாத பிள்ளைகளும் கேட்கலாம். தம்பியின் நாய்க்கதை தேர்வானது. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குப் பெயர் புலவர். "புலவரே, குப்பையைக் கொட்டிட்டு வந்து கற்பனை பண்ணுங்க" என்பாள் அம்மா. அவனும் குப்பைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போவான்.

நூலகத்தின் பதிவு அறை காலியாகவே இருப்பதில்லை. அதனால் வீட்டிலேயே, சுற்றிலும் தலையணை அடுக்கி, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போனில் வாசித்தான். பாதியில் சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"சாப்பிட வாடா, ஆறுது!"

"வரேம்மா... இரு, ரெண்டு நிமிஷம்."

"ஐயோ அம்மா, கத்தாத, பதிவாகுது!" என்று அக்காவும் தன் பங்குக்குக் கத்தினாள். பிறகு மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. திரும்ப முதலிலிருந்து வாசிக்க அவனுக்குச் சோம்பல். "அங்க வெட்டிக்குவாங்க" என்று அப்படியே அனுப்பிவிட்டான்.

மற்றபடி அவன் குரல் எங்கேயும் இல்லை. போனில் பேசச் சொன்னால் ஓடுவான். எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்புவான், புலவர் ஆயிற்றே. இன்று காலை அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் கூப்பிட்டதுக்கு வரேம்மான்னு சொன்னானே, அது அங்க இருக்கும்ல? கதையெல்லாம் வேணாம்டி. அது ஒண்ணு போதும் எனக்கு."

ஒலிப்பிரிவு மாடியில் இருந்தது. கதவில் அடுத்த போட்டிக்கான சுவரொட்டி, ஓர் ஓரம் ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒலிப்பதிவாளர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வயதானவர். அழுதிருந்தார்.

"அக்காதானே? மூக்கு அப்படியே இருக்கு. உட்காரும்மா. நேத்துப் போறப்பகூட இந்தக் கதவைத் திறந்து, 'சார், என் நாய் எப்போ குரைக்கும்?'னு கேட்டுட்டுப் போனான்."

அக்கா உட்காரவில்லை. "அவன் அனுப்பின பதிவு வேணும் சார். அம்மா கேக்கறாங்க."

"அதான்மா, எடுத்து வச்சிருக்கேன்!" அவர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். "காலைல சேதி கேட்டதுல கையும் ஓடல, காலும் ஓடல. எனக்கு வேற என்ன தெரியும்? உட்கார்ந்து அவனோடதை முடிச்சேன். மூச்சு, இருமல், நாற்காலிச் சத்தம், ஒண்ணு விடாம எடுத்துட்டேன். நடுவுல வீட்டுல யாரோ சத்தம் போட்டிருக்காங்க, அதையும் எடுத்தாச்சு. வெட்டின இடமே தெரியாது."

அக்கா மேசைக்கு நெருங்கி வந்தாள்.

"வெட்டாதது இருக்கா சார்?"

"அது எதுக்கும்மா? முடிச்ச கையோட அழிச்சிடுவோம். இங்க எப்பவும் அப்படித்தான், இல்லேன்னா இடம் பத்தாது."

"ஒரு தடவை தேடிப் பாருங்களேன்."

தேடினார். திரையில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மூடினார். கடைசியில் கணினியின் குப்பைத் தொட்டியையும் திறந்து காட்டினார். சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார் மனுஷன்.

"ஏம்மா, ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

அவளுக்கு அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கத்தினது எங்க அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் அந்தக் குப்பைத் தொட்டியை இன்னொரு தடவை திறந்து தேடிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். நல்லா பண்ணியிருக்கீங்க. அதையே என் போனுக்கு அனுப்பிடுங்க."

அவள் வீடு திரும்பியபோது உடம்பு வந்துவிட்டிருந்தது. கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் கட்டு, மற்றபடி தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான். சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அம்மா கூட்டத்துக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் தூக்கினாள்.

"கிடைச்சுதாடி?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள். இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"ஃபேனை நிறுத்துங்க" என்றாள் அம்மா.

"இந்தக் கூட்டத்துலயா?" என்று ஆரம்பித்த மாமா, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே போய் நிறுத்தினார்.

அக்கா தன் போனை அம்மாவின் காதருகே வைத்து ஓடவிட்டாள். குரல் தெளிவாக, கொஞ்சம் கர்வமாக வந்தது. ஒரு நாய் தினமும் பேருந்தைத் துரத்துகிற கதை. யாரோ ஓர் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. வாசலில் ஆளை எதிர்பார்த்து நிற்கிறவள் போல் இருந்தாள்.

"நாய் வளைவு வரை ஓடியது. அங்கே நின்று மூச்சு வாங்கியது. பேருந்து..."

அந்த இடம்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். குரல் ஒரு தடங்கலும் இல்லாமல் அடுத்த வரிக்குப் போனது, அடுத்ததற்குப் போனது, கதை முடிந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றாள் அம்மா.

போட்டாள். வளைவு வந்தது. நாய் நின்றது.

"சாப்பிட வாடா" என்றாள் அம்மா, மெதுவாக. "ஆறுது."

பேருந்து கிளம்பிப் போயிற்று. குரல் நிற்கவில்லை.

"சரியா கேக்கல அவனுக்கு. இன்னொரு தடவை."

மாமா குனிந்து, "நேரமாகுதும்மா, வண்டி நிக்குது" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா மூன்றாம் தடவை ஓடவிட்டாள். இந்தத் தடவை பெருவிரலைத் திரையின்மேல் தயாராக வைத்துக்கொண்டாள். நாய் வளைவு வரை ஓடியது. நின்று மூச்சு வாங்கியது.

"சாப்பிட வாடா, ஆறுது!" அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி, அன்றைக்குப் போலவே, அம்மா குரல் கொடுத்தாள்.

அக்கா பதிவை நிறுத்தினாள்.

அம்மா போனை வாங்கிக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. யாரும் எழுந்து போய் ஃபேனைப் போடவில்லை.