பலகையின் அடிப்பக்கம்

கம்ப்யூட்டர் பலகையிலிருந்து எல்லாச் சிப்புகளையும் கழற்றி ஒரு துணியில் பரப்பிவிட்டு, வெறும் பலகையை மட்டும் மின்சாரத்தில் இணைத்தபோதும் அந்தச் சிவப்பு விளக்கு பழையபடியேதான் செய்தது. எரிந்தது, சோர்ந்தது, கொஞ்சம் தெளிந்தது, மறுபடி சோர்ந்தது. டிரான்ஸ்போமர் மட்டும் டப்பாவில் அடைபட்ட வண்டாக முனகியது. பவுலின் சுவிட்சை அணைத்தாள். சிப்பில்தான் கோளாறு என்று அலோசியஸ் இத்தனை வாரமாகச் சொல்லி வந்தான். ஒரு சிப்கூட இல்லாதபோதும் இப்படியென்றால், கோளாறு பலகையில்தான் இருக்க வேண்டும்.

எண்பத்தைந்தாம் வருடத்துப் பொகவந்தலாவையில் கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டவர்களே குறைவு. லண்டனில் தாதியாக இருந்த பவுலினின் அக்கா மார்கிரட்தான், வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும்படியான சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தாள். பவுலின் கணக்கு டீச்சர். அவள் புருஷன் அலோசியஸ் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், மின்சார வேலை பார்ப்பவன். அவள் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, அவன் ஈயம் உருக்கி வைத்தான். அவன் வைக்கும் ஈயப்பொட்டு ஒவ்வொன்றும் வெள்ளிக் கடுகாக உருண்டு பளபளக்கும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவர்கள் அந்த மழைக்காலத்தில் பேசிச் சிரித்ததுபோல அதற்கு முன் சிரித்ததில்லை.

அப்போதுதான் கண்டியில் கன்னியர் மடத்துப் பள்ளி ஒன்றை நடத்தி வந்த சிஸ்டர் பவுலினுக்குச் சொல்லி அனுப்பினார். மெஷின் ஓடுமானால் அதோடு வந்துவிடு, புது வருடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு உன் பொறுப்பு, மடத்திலேயே தங்கிக்கொள்ளலாம் என்று. அலோசியஸ் அதைக் கடைவீதி முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். ஆனால் மெஷின் ஓடவில்லை. ஸ்டோரில் கொழுந்து உலர்த்தும் காற்றாடிகள் ஓடும்போது கரண்ட் குறைகிறது என்றான் முதலில். அதற்காகக் கொட்டும் மழையில் பஸ் மாறி மாறி நோட்டன் பிரிட்ஜ் போய், தெரிந்தவரிடம் பெரிய டிரான்ஸ்போமர் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுமந்து வந்தான். அதிலும் ஓடவில்லை. பிறகுதான் சிப் என்றான்.

பவுலின் பலகையைத் திருப்பினாள். அதன் அடிப்பக்கத்தை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை. அது அவன் பக்கம். ஓரத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பினாள். அதன் கீழே முடியளவு மெல்லிய செப்புக் கம்பி ஒன்று, கரண்ட் வரும் கோட்டுக்கும் திரும்பிப் போகும் கோட்டுக்கும் குறுக்கே, கரண்டைச் சிப்புகளுக்குப் போகவிடாமல் கிடந்தது. வேலை செய்தபோது சிந்தியதாக இருக்கும் என்று ஊசியால் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. கம்பியின் இரண்டு முனையிலும் வெள்ளிக் கடுகு.

ஹட்டனிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில் அடைப்பதுபோல அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வெளியே யாரோ பேசிக்கொண்டு போனார்கள். வாயசைவு மட்டும் ஜன்னலில் தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கைதான் பலகையைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்தபடியே இருந்தது.

வேலை முடிந்து வந்த அலோசியஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். பலகை கவிழ்ந்து கிடப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"இத நீங்களா வச்சீங்க?"

"நாந்தான்."

அவன் மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மறுத்தால் நம்பிவிடக்கூடத் தயாராக இருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"சிஸ்டர் சொல்லியனுப்புன அன்னைக்கு வச்சேன்," என்றான். "நீ மறுநாளே திருப்பிப் பாப்ப, சண்ட போடுவ, அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். நீ திருப்பவே இல்ல. நான் சொல்றதையே நம்பிக்கிட்டு இருந்த. அப்புறம் எப்புடி எடுக்குறதுன்னு எனக்குத் தெரியல."

கண்டி என்றாலே பயமாக இருக்கிறது என்றான். இரண்டு வருடத்துக்கு முந்திய கலவரத்தில் அவன் அண்ணன் வியாகுலத்தின் கடிகாரக் கடை அங்கேதான் எரிந்தது. உடுத்தியிருந்த துணியோடு வந்து சேர்ந்தவர் இந்த வீட்டில்தான் கிடந்தார். அது உண்மை. அது மட்டும்தான் உண்மையா என்று பவுலினுக்குத் தெரியவில்லை.

"நோட்டன் பிரிட்ஜுக்கு நனைஞ்சுக்கிட்டுப் போனீங்களே," என்றாள். "வந்து ரெண்டு நாளு காய்ச்சல்ல கெடந்தீங்க. நான் கஞ்சி வச்சுக் குடுத்தேன்."

அவன் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனை எடுத்துச் செருகி, சூடேறும்வரை நின்றான். பிறகு பிடியை அவள் பக்கம் நீட்டினான். அவள் அதை ஒருபோதும் பிடித்ததில்லை. அதன் முனையால் கம்பியைத் தொட்டாள். புகை எழுந்தது, கம்பி கிளம்பி வந்தது. ஈயம் அசிங்கமாகப் பரவி நின்றது. சிப்புகளை ஒவ்வொன்றாக அவளே செருகினாள். அவன் உதவ வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான்.

சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. அதோடு இணைத்திருந்த சின்ன டீவியின் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் விட்டுவிட்டு மின்னியது. அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அலோசியஸின் முகம் அந்தத் திரைக் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள். அது அந்த முகத்தின்மேல் வெள்ளையாக விழுந்தது. அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவள் விரல் தேடிக்கொண்டிருந்தது.