அத்தியாயம்பு

மூன்றாவது பிரதியைத் தைப்பதற்காக ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "டீச்சரு, அத்தியாயம்புன்னா என்னத்தா?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

அல்லிநகரத்தில் அவருடைய பைண்டிங் கடை. தைக்க வருவது எதுவானாலும் படித்துப் பார்த்துவிடுவார். பத்திர நகல், சங்கத் தீர்மானப் புத்தகம், பையன்களின் செய்முறை நோட்டு, எதையும் விடுவதில்லை.

"அத்தியாயமாண்ணே?" என்றாள் யுவராணி.

"அத்தியாயம் எனக்குத் தெரியாதா? இது அத்தியாயம்பு. இந்தா போட்டிருக்கில்ல, 'தோட்டத்துப் பெண்கள் அத்தியாயம்பாகப் பேசும்போது.' நானும் காமயகவுண்டன்பட்டிலதான் பொண்ணு எடுத்தேன். இப்படி ஒரு வார்த்தைய எம் பொண்டாட்டி வாயில கேட்டதே இல்ல."

யுவராணி அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் 'அத்தியாயம்பான உச்சரிப்பு' இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், 'மொக்கம்மாள் அத்தியாயம்பிலேயே நகைச்சுவை உணர்வு உடையவர்' என்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் மொக்கம்மாளைப் போன்ற பெண்கள் வேலை நேரத்தில் புழங்கும் சொற்கள்தான் அவளுடைய ஆய்வு. ஐந்து வருட வேலை. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஐந்து பிரதிகளையும் மதுரையில் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இன்னொன்று கிடையாது. கடைக் கடிகாரத்தில் மணி எட்டரை.

"விட்ருத்தா. இதைப் போயி யாரு படிக்கப் போறா?" என்றார் மொக்கைச்சாமி.

"நீங்க படிச்சிட்டீகளேண்ணே."

அவர் கத்தரிக்கோலை எடுத்து, தைத்து முடித்திருந்த இரண்டு பிரதிகளின் நூலையும் வெட்ட ஆரம்பித்தார். "அட்டை அப்படியே இருக்கட்டும். உள்ளதை மட்டும் மாத்திக் கொண்டா. பதினொன்றரைக்குள்ள வந்தா நான் பொறுப்பு."

பழனிசெட்டிபட்டியில், ஆய்வேட்டை அடித்துக் கொடுத்த ஞானசெல்வியின் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஆட்டோவில் போகும்போது, எப்படி நடந்திருக்கும் என்று யுவராணி யோசித்தாள். நான்கு முறை மெய்ப்புப் பார்த்த ஆய்வேடு அது. கடைசி முறைக்குப் பிறகு அவள் வாசிக்கவில்லை. அட்டவணைகளை மட்டும் சரிபார்த்தாள். மற்றபடி ஞானசெல்வியின் டெம்ப்ளேட்டை நம்பினாள். ஊர் முழுக்க ஆய்வேடு அடிக்கிறவர்கள் தலைப்பை நடுவில் கொண்டுவர இடைவெளிக் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஞானசெல்வி இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு சட்டகம் செய்து வைத்திருந்தாள். தைக்கும் பக்கம் ஒன்றரை அங்குல ஓரம், பெரிய தலைப்புக்கு ஓர் அளவு, சிறிய தலைப்புக்கு ஓர் அளவு. ஒரு விசையைத் தட்டினால் பொருளடக்கம் தானாகப் பக்க எண்ணோடு வந்து நிற்கும். யாராவது பாராட்டினால், "புடவைக்கு பார்டர் மாதிரி. ஒரு தடவ நெய்ஞ்சுட்டா நீளம் எவ்வளவு வேணுன்னாலும் ஓட்டிக்கலாம்" என்பாள்.

ஞானசெல்வி பக்கத்தைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்தாள்.

"இயல்!" என்றாள்.

யுவராணிக்கும் அப்போதுதான் விளங்கியது. அவள் பகுதிகளுக்கெல்லாம் 'இயல்' என்று பெயர் வைத்திருந்தாள். பல்கலைக்கழகப் படிவத்தில் 'அத்தியாயம்' என்றுதான் இருக்கிறது, மாற்றுங்கள் என்று நெறியாளர் சொன்னார். ஞானசெல்வி 'இயல்' வருகிற இடத்திலெல்லாம் 'அத்தியாயம்' என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டாள். 'இயலில்' என்பதைத் தனியாகத் தேடி 'அத்தியாயத்தில்' ஆக்கும் அளவுக்குக் கவனமாக இருந்தவள், 'இயல்பு' என்று ஒரு சொல் தமிழில் இருப்பதை மறந்துபோனாள். இயல்பெல்லாம் அத்தியாயம்பாகிவிட்டது.

"அப்ப சாரு? அவுக கடைசியாப் பாத்தது இதுக்கு அப்புறந்தான?" என்றாள் யுவராணி.

நெறியாளர் திருத்தி நேராக சென்டருக்கே அனுப்பியிருந்த பிரதியை இருவரும் புரட்டினார்கள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் பென்சிலால் அழகாக ஒரு வட்டம். பக்கத்தில் அவருடைய கையெழுத்து: 'அரிய வட்டாரச் சொல். பின்னிணைப்பில் பொருள் தருக.'

ஞானசெல்வி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "நானும் இதப் பாத்தேன்டி! தோட்டத்து வார்த்தை போல, ஒங்கிட்ட கேக்கணும்னு நெனச்சு மறந்துட்டேன்."

"சிரிக்காதக்கா. எனக்கு அழுகை வருது."

"அழுதா பேப்பர் நனையும். பேசாம ஒண்ணு பண்ணுவமா? சாரே சொல்லிட்டாக. ஒரு பொருளப் போட்டுத் தள்ளிவிடுவோம். அத்தியாயம்பு, பெயர்ச்சொல், கூச்சமில்லாமல் பேசுதல்."

ஒரு நொடி யுவராணிக்கு அது நடக்கக்கூடியதாகவே பட்டது. ஒரு வரி அடித்து ஒரு பக்கத்தைச் செருகினால் போதும். நெறியாளர் மகிழ்வார். தேர்வாளர்களும் வட்டம் போட்டுப் பாராட்டக்கூடும். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மொக்கம்மாக்கா மகளுக்கு ஒரு பிரதி தாரேன்னு சொல்லிருக்கேன். தோட்டத்துல ஒக்காந்து வாசிச்சுக் காட்டுவா. 'நாங்க எப்போடி இப்படிப் பேசினோம்'னு அந்தக்கா கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

ஞானசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். அறுபத்து மூன்று இடங்கள். இந்த முறை ஒரே தட்டில் மாற்றவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினாள், யுவராணி வாக்கியத்தை வாய்விட்டு வாசித்தாள், பிறகுதான் அடுத்தது. நீளமான சொல் போய்க் குட்டையான சொல் வந்ததில் வரிகள் மேலேறின, பக்கங்கள் நகர்ந்தன. கடைசியில் ஞானசெல்வி ஒரு விசையைத் தட்டினாள். பொருளடக்கத்தின் எண்கள் வரிசையாக மாறி நின்றன. "தப்பு நான் பண்ணுனது. டெம்ப்ளேட்டு தங்கம்" என்றாள். ஒரு பிரதியை அச்சடித்து, நான்கைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்தார்கள். தாள்கள் இட்லி போலச் சுடச்சுட வந்தன.

பதினொன்றே முக்காலுக்கு வந்த யுவராணியிடம் மொக்கைச்சாமி கடிகாரத்தைக் காட்டிவிட்டு ஊசியை எடுத்தார். ஒன்றே காலுக்கு, நீல அட்டைக்குள் ஐந்து பிரதிகளும் தயாராயின. பசை காயவில்லை. மேலும் கீழும் பலகை வைத்துக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். "ரெண்டு மணி நேரம் மேல நல்லாப் பாரம் இருக்கணும். இல்லன்னா அட்டை வாயப் பொளந்துரும்."

தேனி பேருந்து நிலையத்தில் மதுரை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து வந்த பஸ். கனத்த உடம்புள்ள ஓர் அம்மாள் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. பிரதிகளின் கட்டை மடியில் வைத்துக் கையால் அழுத்திப் பார்த்தாள் யுவராணி. ஆண்டிபட்டி வருவதற்குள் கை கடுத்தது. வேறு வழியின்றி விஷயத்தைச் சொல்லி, "ஆத்தா, இதச் சீட்டுல வச்சுட்டு, நீங்க கொஞ்சம் மேல உக்காந்து வாரீகளா?" என்று கேட்டேவிட்டாள்.

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏன்டி, படிப்பு மேல உக்காரச் சொல்லுத? சரஸ்வதி கண்ணக் குத்தாதா?" பிறகு குனிந்து, காலடியில் சாக்கில் கிடந்த ஒன்றை முக்கித் தூக்கினாள். குமுளியில் வாங்கிய சக்கப்பழம், முழுப் பலா. "மதுரைல மக வாயும் வயிறுமா இருக்கா. அவளுக்குக் கொண்டு போறேன். பதிமூணு கிலோ. போதுமா பாரு."

கணவாய் வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. யுவராணியின் மடியில் நீல அட்டைகள், அதன்மேல் பலகை, அதன்மேல் பழம். அது உருண்டுவிடாமல் இரண்டு பெண்களும் நான்கு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார்கள். தேனியில் ஏறியவர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டு கடைசியாக அங்கே வந்த கண்டக்டர், எந்தக் கையிலிருந்து காசு வாங்குவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.