கயிறு மேஸ்திரி போட்ட நானூறு கல்

வீட்டின் பின்பக்கம் தரை போட வேண்டிய இடம் சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. சமையலறைக் கதவோரம் அகலமாகத் தொடங்கி, மரத்தடியில் இடுப்பு சிறுத்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைந்து, மதிலோரம் வாலாகிப் போனது. மேஸ்திரி ஓரமெல்லாம் முளை அடித்தார். முளைகளைச் சுற்றிக் கயிறு கட்டினார். பிறகு கயிற்றைக் கழற்றி நாலாக மடித்து அளந்தார். இருபது அடி வந்தது.

"இருபதுக்கு இருபது. அடிக்கு அடி கல்லு நானூறு சொல்லிடுங்கம்மா."

வீட்டுக்காரி தையல்கடை வைத்திருப்பவள். காலையிலேயே இடத்தைத் தானே அளந்து, கட்டம் போட்ட தாளில் அடிக்கு ஒரு கட்டமாக வரைந்து வைத்திருந்தாள். பென்சில் முனையால் கட்டங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அரைக் கட்டங்களை ஜோடி சேர்த்தாள்.

"முந்நூறே தாண்டலியே மேஸ்திரி. மிச்சத்த மரத்து மேல ஒட்டப் போறீங்களா?"

"முப்பது வருசமா இந்தக் கயிறுதாம்மா எனக்குச் சோறு போடுது. கயிறு மேஸ்திரின்னாதான் என்னை நாலு பேருக்குத் தெரியும்."

அவள் வாதாடவில்லை. கயிற்றின் இரு முனைகளையும் முடிந்தாள். ஒரு பக்கத்தை முளையில் மாட்டிவிட்டு, மறுபக்கத்தை மதில்வரை இழுத்துப் பிடித்தாள். கயிறு இரண்டு கோடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"அதே கயிறுதானே? இப்ப உள்ள எத்தனை கல்லு வைப்பீங்க? சுத்தளவ மட்டும் பாத்துத் துணி எடுத்திருந்தா, என் கடைய என்னைக்கோ மூடியிருப்பேன்."

ஒரு கல்கூட வைக்க முடியாது. அதைப் பார்க்கப் படிப்பு தேவையில்லை, கண் இருந்தால் போதும். மேஸ்திரி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். வெயில் ஏறிவிட்டது என்று நினைத்து அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

அவர் கை வைத்ததெல்லாம் பெரும்பாலும் சதுரமான அறைகள். கொஞ்சம் கோணல் இருந்து கல் மிஞ்சினால், உடைசலுக்கு இருக்கட்டும் என்று சொல்லித் தப்பித்துவிடுவார். ஒரே ஒரு வீட்டில்தான் அது நடக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், பிறை மாதிரி வளைந்த ஒரு முற்றம். வேலை முடிந்தபோது நூற்றிருபது கல் மதிலோரம் அடுக்காக நின்றது. அன்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது தங்கை புருஷன். குடியை விட்டு அப்போது எட்டு மாதம். யாரும் கேட்காமலே நாட்களை எண்ணிச் சொல்வான்.

வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் மேஸ்திரிக்கு மானம் போயிற்று. பழியைப் போட ஒரு தலை வேண்டியிருந்தது. "ஊத்திக்கிட்டு வந்து கயிறு பிடிச்சா இப்படித்தாண்டா இழுக்கும்" என்றார், அத்தனை பேர் முன்னால். "இல்ல மச்சான், ஊதுறேன், வாயை மோந்து பாருங்க" என்று அவன் கிட்டே வந்தான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் கை காலைக் கழுவாமல், சிமெண்ட் அப்பிய காலோடு தெருவில் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் மாலை வகுப்பில் உட்கார்ந்து மேஸ்திரி எழுத்துக் கூட்டக் கற்றார். பேருந்துப் பலகை படித்தார், மருந்துச் சீட்டு படித்தார். கயிற்றைச் சந்தேகப்பட மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. அவனைச் சந்தேகப்பட ஒரு நொடி போதுமாக இருந்தது.

தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் வந்தது. அவர் குடிக்கவில்லை. கைபேசியில் அழிக்காமல் வைத்திருந்த எண்ணைத் தேடி அழுத்தினார்.

"யாரு?" தங்கையின் குரல்.

"நான்தான்."

வைத்துவிடுவாளோ என்று பயந்து ஒரே மூச்சில் கொட்டினார். "அன்னைக்கு மாப்ள குடிக்கலம்மா. என் கணக்குதான் தப்பு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அவரு குடிக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அன்னைக்கு ராத்திரி குடிச்சாரு. அதுலேர்ந்துதான் விடல. அது உனக்குத் தெரியாதுல்ல?"

மேஸ்திரி கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"வீட்லதான் இருக்காரு. இப்பெல்லாம் பகல்லயும் வீட்லதான். கூப்பிடவா?"

"கூப்பிடும்மா."

கைபேசியை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. குழாயில் நீர் சொட்டியது. அவள் ஏதோ சொன்னாள், திரும்பவும் சொன்னாள். கட்டில் கிறீச்சிட்டது. செருப்பில்லாத கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு மெல்ல நெருங்கின. பிறகு யாரோ கனமாக மூச்சு விடுவது மட்டும் காதருகே கேட்டுக்கொண்டிருந்தது.