எல்லைப் பலகையில் இரண்டாவது பெயர்

எங்கள் ஹார்லோ கிரீக்கும் ஜெர்மனியின் ஓபர்லிண்டாக்கும் முப்பத்தொரு வருடமாகச் சகோதர நகரங்கள். எங்கள் பக்கத்துக் கமிட்டிக்கு வெர்னா அத்தைதான் தலைவி. இடையில் ஒரு பிரெஞ்சு ஊரும் எங்களோடு சேர ஆசைப்பட்டு மூன்று கடிதம் போட்டது. "எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று அத்தை பதில் எழுதிவிட்டாள்.

இந்த வருடம் என்னையும் கூட்டிப்போனாள். ஓபர்லிண்டாக்கின் எல்லைப் பலகையில், சகோதர நகரம் என்று போட்டிருந்த எங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே, புதுப் பெயின்டில், பிக்ஸ்டன் என்று இருந்தது. பிக்ஸ்டன் எங்களுக்குப் பதினோரு மைல் தள்ளி இருக்கிறது. எங்கள் பள்ளிக் கால்பந்துக் குழுவின் சின்னமான ஆட்டுக்கிடாவைத் திருடி, ஊதா நிறம் பூசித் திருப்பி அனுப்பியவர்கள்.

"கெர்லிண்டே, என்னடி இது?"

அந்த ஊர்க் கமிட்டித் தலைவியான முப்பத்தொரு வருடத் தோழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மேப்ல பாத்தா உங்களுக்குப் பக்கத்து ஊரு! நீ சந்தோஷப்படுவேன்னு சொல்லாமயே வெச்சிருந்தோம்."

"அப்ப உன் வீட்டுல நான் எப்பவும் தங்குற ரூம்?"

"அதுல பிக்ஸ்டன் டோரிஸ் இருக்காளே. நீ ஓட்டல்ல சௌகரியமா இரு."

விருந்தில் அத்தை இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள். போட்டோவில் டோரிஸின் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நின்றாள். ஓட்டல் அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் மூக்கைச் சிந்தினாள்.

"டேய் கர்ட்டிஸ், அந்தப் பிரெஞ்சுக்காரங்க இன்னும் தனியாத்தான் இருக்காங்களான்னு பாரு."

போனில் பார்த்தேன். சகோதர நகரம் என்று ஒரே ஒரு பெயர் போட்டிருந்தார்கள். பிக்ஸ்டன்.

"நெட் கிடைக்கல அத்தை" என்றேன்.