பின்சீட்டுக் கூச்சல்

எதிர்ச்சாரியில் பத்துக் கார்களோடு பெரிய ஓட்டுநர் பள்ளி வந்ததிலிருந்து டிரைவிங் டீச்சர் கார் ஓட்டியதைவிட ஈ ஓட்டியதுதான் அதிகம். மிஞ்சியது ஒரே கார், ஒரே மாணவி. அவரும் போய்விட்டால் காரை விற்க வேண்டியதுதான்.

அந்த மாணவி மருந்துக்கடை அம்மா. லைசென்ஸ் வாங்கிப் பல வருஷமாகிறது. தனியாக நன்றாகவே ஓட்டுவார். பக்கத்தில் கணவர் உட்கார்ந்து வாயைத் திறந்தால் மட்டும் கைகால் ஓடாது.

அன்றைக்கென்று டீச்சர் தன் மாமனாரைக் கண் டாக்டரிடம் விட வேண்டியிருந்தது. வேறு வண்டி ஏது? பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். மருந்துக்கடை அம்மா காரை நகர்த்தியதுதான் தாமதம், மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

"பிரேக்கு! பிரேக்கு! லாரிக்காரன் என்ன உன் மாமனா மச்சானா, உரசிட்டுப் போறே? ரோடு பூரா உனக்கா எழுதி வச்சிருக்கு?"

வழிநெடுக இதே அர்ச்சனைதான். டீச்சர் கூனிக் குறுகிப்போனார். இருந்த ஒரு மாணவியும் போச்சு என்றே நினைத்தார்.

மறுநாள் மருந்துக்கடை அம்மா சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

"டீச்சர், நேத்து சாயங்காலம் வீட்டுக்காரரோட போனேன். கத்தினாரு. உங்க மாமா முன்னாடி அதெல்லாம் ஒரு கத்தலா? ஜாலியா ஓட்டிட்டு வந்துட்டேன். என் நாத்தனாரும் வர்றேன்னு சொல்றா. ஆனா மாமா கண்டிப்பா இருக்கணும்."

டீச்சருக்குப் பொறி தட்டியது. அன்றே வாசலில் பலகை ஏறியது: 'லைசென்ஸ் இருந்தும் பயமா? பின்சீட்டுக் கூச்சலோடு பயிற்சி.' பத்துக் கார் வாங்கலாம், இப்படியொரு மாமனாரை எந்தக் கடையில் வாங்குவது?

பலகையைப் படித்த மாமனாரின் முகம் சுண்டிப்போனது.

"நானா கத்தறேன்? நான் பாட்டுக்கு வாயை மூடிட்டு வர்ற ஆளு!"

மருந்துக்கடை அம்மாவின் நாத்தனார் ஓட்ட வந்த அன்று அதை நிரூபித்தே தீருவது என்று மாமனார் ஏறினார். சிவப்பு விளக்கில் கார் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றது. மாமனார் வானத்தை ரசித்தார். "நல்லா ஓட்டறம்மா" என்று பாராட்டு வேறு!

நாத்தனார் காரை ஓரங்கட்டினார்.

"கூச்சல் இல்லேன்னா எதிர்லயே சேர்ந்திருப்பேனே, டீச்சர்?"

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விடுங்க மாமா. உங்களை அப்படி எழுதினது என் தப்பு. பலகையைக் கழட்டிடறேன். காரையும் வித்துடலாம்."

கார் மெல்ல நகர்ந்தது. திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"ஏம்மா, அந்த பிரேக்கு என்ன அழகுக்கா வச்சிருக்கு? மிதி! மிதிம்மா!"

அப்புறம் மடை திறந்த வெள்ளந்தான். நாத்தனார் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துச் சிரித்தபடி ஓட்டினார். கல்யாணமாகி வந்த நாளாகக் காதைக் குடைந்த குரல் டீச்சருக்கு அன்றுதான் இனித்தது.

மூச்சு வாங்கிய இடைவெளியில் மாமனார் முன்னால் குனிந்து, டீச்சர் காதில் மட்டும் விழும்படி சொன்னார்.

"நான் கத்தலம்மா. உனக்காக நடிக்கிறேன்."