பிளாக்போர்டுக்கு எத்தனை தட்டு

ஒரே வார்த்தைக்கு அவள் மூன்றாவது முறையும் கை தட்டிவிட்டாள். வெளியே பெஞ்சில் இருந்த நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லும்மா. பிளாக்போர்டு," என்றார் உள்ளே இருந்த அதிகாரி.

பிளாக். போர். டு. மறுபடியும் மூன்று தட்டு. கடைசித் தட்டு பலமாக.

கதவு பாதி திறந்துதான் இருந்தது. என் வகுப்புத் தோழி தமிழ்மொழி என் பக்கம்கூடத் திரும்பினாள். நான் இரண்டு விரலைக் காட்டியிருக்கலாம். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

பெருங்குடியில் ஒரு கால் சென்டர். பிளஸ் டூ முடிப்பவர்களில் ஒருவருக்கு வேலையும் கொடுத்துக் கல்லூரியிலும் படிக்க வைப்பார்களாம். எங்கள் மயிலாப்பூர் பள்ளியிலிருந்து கடைசிச் சுற்றுக்கு வந்தது நாங்கள் இருவர்தான். இரண்டு சொல் சேர்ந்து ஒன்றான இங்கிலீஷ் வார்த்தைகளை அசை பிரித்துத் தட்டிக் காட்ட வேண்டும். அழுத்தம் எங்கே என்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா காஸ்பர் இங்கிலீஷ் வாத்தியார். நாம் கடைசியில் ஒட்டவைக்கும் அந்த 'டு' இங்கிலீஷில் கிடையாது, இரண்டே அசை, அழுத்தம் முதல் பாதியில் என்பதெல்லாம் எனக்கு எட்டாவதிலேயே தெரியும்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நான் வந்தபோது தமிழ்மொழி எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"ரெயின், கோட், டு. ஹேண்ட், பேக், கு. இன்னாடி ஜொவிட்டா, எல்லாமே மூணுதானா? கானா பாட்டு மாரி வருது!"

தொடையில் தாளம் போட்டுச் சிரித்தாள்.

"கரெக்ட்டி," என்றேன். "கடைசில நல்லா அழுத்து."

"வாத்தியார் பொண்ணுன்னா சும்மாவா? வேல கெடச்சா உனக்கு பிரியாணி, மச்சி!"

அப்பா உள்ளறையில்தான் இருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று அவள் எழுந்தபோது, தூங்குகிறார் என்று சொன்னதும் நான்தான். அவர் தூங்கவில்லை.

அவளுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பிளாக்போர்டுக்கு இரண்டு தட்டினேன்.

சாயங்காலம் என் பெயர் வந்தது. அம்மா கேக் வாங்கி வந்தாள். என் துண்டை அப்படியே மூடி வைத்தேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

தமிழ்மொழி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். ஏழு முறை கேட்டுவிட்டேன்.

"அடியே, கங்கிராட்ஸ்! எங்கம்மாதான் அழுதுகினே கீது, அத வுடு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ரெண்டு பேரும் உங்கூட்லதான ஒண்ணா படிச்சோம்? நீ மட்டும் எப்டிடீ பாஸு?"