அத்தையைச் சித்தியாக்கிய கதை

“பன்னி மாதிரி குறட்டையாம், பருந்து மாதிரி மூக்காம்! என்னைத்தானேடா எழுதியிருக்கே?”

சலவைக்கடைக்காரி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. எதிரே நின்றவன் அவள் அண்ணன் மகன். பதிப்பகத்தில் மொழிபெயர்க்கிறவன், அடுத்த மாதம் அவள் மகளைக் கட்டப்போகிறவன். வெளுக்கப் போட்ட சட்டைகளோடு, மொழிபெயர்த்த நாவலின் அச்சுப்படிகளையும் சுருட்டி அனுப்பிவிட்டான், புத்திசாலி.

“ஐயோ அத்தை, நான் எழுதலை! பெரிய நகைச்சுவை எழுத்தாளர், வெள்ளைக்காரர். செத்தே போயிட்டார்.”

“செத்தவனுக்கு என் மூக்கு எப்படிடா தெரியும்?”

“அவங்களுக்கு அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான். நான் அத்தைன்னு போட்டேன்.”

“முறை தெரியாத ஜென்மங்களா? சீ!”

ஊரார் காலர் அழுக்கை முப்பது வருஷம் கசக்கியும் சுளிக்காத முகம் அன்று சுளித்தது.

“அத்தைன்னு ஒரு எழுத்து இருந்தாலும் என் பொண்ணு உனக்கு இல்லை. சித்தின்னு போடு. உன் சித்திக்கு நல்லா வேணும்.”

கல்யாண விஷயமாயிற்றே! மாப்பிள்ளை ஒரே மூச்சில் அத்தனை அத்தைகளையும் சித்தியாக்கினான்.

புத்தகம் வந்தது. மகள் படிக்க, இவள் இஸ்திரி போட்டபடி கேட்டாள். கதாநாயகன் மத்தியானம் வரை தூங்கினான், “குளிக்கவே மாட்டானா?” என்றாள். அவன் அலமாரிக்குள் ஒளிந்து தும்மியபோது மட்டும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், எதையோ மிதித்தவள் காலைத் துடைப்பதுபோல.

பதினோராம் அத்தியாயத்தில் சித்தி தன் மகளை அவன் தலையில் கட்டப் பார்த்தாள். படித்துக்கொண்டிருந்த குரல் நின்றது.

“அம்மா, சித்தி பொண்ணுன்னா தங்கச்சி இல்லே?”

இஸ்திரிப் பெட்டி அடியில் யாருடையதோ வெள்ளைச் சட்டை புகைந்தது.

“தூ!”

கூப்பிட்டு விட்டதும் மாப்பிள்ளை ஓடிவந்தான். “நீங்கதானே அத்தை மாத்தச் சொன்னீங்க!”

“வார்த்தையை மாத்தச் சொன்னேன். முறையையாடா மாத்தச் சொன்னேன்? தங்கச்சியைக் கட்டிக்கச் சொல்ற கதையை எழுதின கை, என் பொண்ணு கழுத்துப் பக்கம் வரக் கூடாது. போ!”

கருகின சட்டைக்குச் சண்டை போட வந்த பஸ் கண்டக்டரைத்தான் மகள் கட்டிக்கொண்டாள். மொழிபெயர்ப்பாளன் வேறு ஊருக்குப் போய், பிழை திருத்துகிற பெண் ஒருத்தியை மணந்தான். அவளுக்கு அத்தையும் இல்லை, சித்தியும் இல்லையாம், விசாரித்துத்தான் கட்டினானாம்.